சி.என்.ஜி.யில் பணம் போடுமுன்

(டிரஸ்டின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சில மாதங்களாக நம் அலுவலகத்துக்கு வரும் கடன் மனுக்களில் சி.என்.ஜி. என்ற பேச்சு அதிகமாக இருக்கிறது. ஆட்டோவுக்கு கேஸ் கிட் மாட்டக் கடன் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். சி.என்.ஜி. பங்க் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், பணம் கட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு குடும்பம் மட்டும் கட்டிய பிறகு வந்தது. மகளின் நிக்காஹுக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் அனுப்பியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அந்த நம்பரில் யாரும் போன் எடுக்கவில்லை. நகையும் போய், அதன் மேல் வட்டியும் ஏறுகிறது. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சி.என்.ஜி. ஏமாற்று அல்ல, நல்ல எரிபொருள். பூமியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயுவைச் சுமார் 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைக்கிறார்கள். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார்தான். டெல்லியில் பஸ்கள் எல்லாம் இதற்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் உத்தரவிட்டது. கெடு 2001 மார்ச். மாறி முடிக்க 2002 இறுதி வரை ஆயிற்று. பஸ்கள் ஓடின, புகையும் குறைந்தது. ஆனால் பங்க் போதாமல் ஆட்டோக்காரர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதும் அதே டெல்லியில்தான்.

இப்போது ஆட்டோ கணக்கு. ஒரு வண்டி நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் செலவு 400. கேஸில் கிலோவுக்கு 35 கிலோமீட்டர், கிலோ 91 ரூபாய் என்றால் செலவு 260. நாளைக்கு மிச்சம் 140. மாதம் 25 நாள் ஓடினால் 3,500. கிட்டுக்கு 42,000 ஆனால் ஒரு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதே வண்டி நாளைக்கு 40 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் மாத மிச்சம் 1,400. கிட் பணம் வர இரண்டரை வருடம் ஆகும். பங்க் 14 கிலோமீட்டர் தள்ளி இருந்து, போய் வரவும் வரிசையில் நிற்கவும் ஒன்றரை மணி நேரம் போனால், அந்த நேரத்தில் விட்ட சவாரியையும் கழித்துப் பாருங்கள். இவை உதாரணத்துக்குச் சொன்ன எண்கள். உங்கள் வண்டியின் எண்களை நீங்களே 15 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கிட் மாட்டினால் மூன்று காரியங்களை விடாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். வீட்டு கேஸ் சிலிண்டரை வண்டியில் வைத்து ஓட்டுவது வேறு விஷயம். அது சட்ட விரோதம், ஆபத்தும்கூட. சி.என்.ஜி. கசிந்தால் காற்றை விட லேசானது, மேலே போய்விடும். வீட்டு கேஸ் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். அதில் உங்கள் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

அடுத்து முதலீடு. ஒரு பகுதியில் இந்த கேஸை யார் விநியோகிப்பது என்று அனுமதி தருவது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். பங்க் தருவது அந்த அனுமதி பெற்ற நிறுவனம்தான். கேஸைச் சேமித்து நிரப்ப வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் லைசென்சும் வேண்டும். ஆகவே யாராவது பங்க் தருகிறேன் என்றால், நம் மாவட்டத்துக்கு அனுமதி பெற்ற நிறுவனம் எது என்று பாருங்கள். அதன் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். தனி நபரின் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கிப் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

உண்மையான பங்க்காகவே இருந்தாலும் நஷ்டம் வரலாம். பாகிஸ்தானைப் பாருங்கள். 2010 வாக்கில் உலகத்திலேயே அதிக சி.என்.ஜி. வண்டிகள் ஓடிய நாடு அது. மூவாயிரத்துக்கும் மேல் பங்க்குகள் வந்தன. உள்நாட்டு கேஸ் போதாமல் போனதும் வாரத்தில் சில நாட்கள் பங்க்கை மூடச் சொன்னார்கள். குளிர்காலத்தில் பஞ்சாபில் மொத்தமாகவே மூடினார்கள். கோடிக்கணக்கில் போட்டவர்கள் பூட்டிய பங்க்கின் முன்னால் நின்றார்கள். நம் நாட்டிலும் கேஸில் ஏறக்குறைய பாதி இறக்குமதிதான். விலை குறைந்த உள்நாட்டு கேஸின் ஒதுக்கீட்டை 2024 நவம்பரில் அரசு குறைத்தபோது இந்திரப்பிரஸ்தா கேஸ், மகாநகர் கேஸ் பங்குகள் ஒரே நாளில் பலமாகச் சரிந்தன. பங்க்காரர் எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும், கேஸ் எவ்வளவு வரும், என்ன விலைக்கு வரும் என்பது அவர் கையில் இல்லை.

இன்னொன்று. "பணத்தைக் கொடுங்கள், பங்க் நடத்தி மாதம் மூன்று சதவீதம் நிச்சயமாகத் தருகிறோம்" என்று வருகிறார்கள். இலாபத்தில் இவ்வளவு பங்கு, நஷ்டம் வந்தால் முதலும் குறையும் என்பது கூட்டு வியாபாரம். எது நடந்தாலும் முதலுக்கு இவ்வளவு என்றால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் வட்டிதான். குர்ஆனில் மிக நீளமான வசனம் கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. அல்பகராவில் 282-வது வசனம். சொந்தக்காரர், பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுபவர் என்பதற்காக எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

டிரஸ்ட் கமிட்டி எடுத்த முடிவு இது. 15 நாள் கணக்கு நோட்டோடு வரும் ஆட்டோ சகோதரர்களுக்கு கிட் வாங்க வட்டியில்லாக் கடன் தருவோம். பணத்தை கிட் மாட்டும் அனுமதி பெற்ற கடைக்கு நேராகக் கட்டுவோம். பங்க் டெபாசிட்டுக்குக் கடன் தர மாட்டோம். பைத்துல்மால் பணம் உங்கள் அமானிதம். ஆனால் கையில் இருக்கும் காகிதத்தைப் படித்துப் பார்த்துச் சொல்ல, அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். சகோதரிகளே, நகை உங்களுடையது. நீங்களும் கூட வந்து கேளுங்கள்.

அந்தக் குடும்பத்தின் பணம் திரும்பக் கிடைக்கவும், அந்தப் பெண்ணின் நிக்காஹ் குறித்த நாளில் நடக்கவும் துஆ செய்யுங்கள். அந்த நாள் வரும்போது துஆவோடு நம் கையும் நீளட்டும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.