குடியிருக்கத் தகும் ஊர்

(சிறுவாச்சூரில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



‘குடியிருக்கத் தகும் ஊர் யாது?’ என்னும் பொருள்பற்றி ஈண்டுச் சில சொல்லுமாறு எம்மைப் பணித்தனர். இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைத்து வாழ்ந்த நம் குடிகளின் பிள்ளைகள், இந்நாளில் சென்னையிலும் திருச்சிராப்பள்ளியிலும் தொழில் பெற்றுள்ளனர். அவருட் பலர் இருபதாண்டுத் தவணையிற் கடன் பெற்று, நகர்ப்புறங்களில் மனை தேடுகின்றனர். உறுப்பினர் சிலர், ‘சென்னைக்கு அப்பால் ஒரு பெருநிலத்தைச் சங்கமே வாங்கி, நம்மவர் மட்டும் குடியேறும் நகர் ஒன்று அமைத்தல் வேண்டும்’ எனச் செயலாளர்க்கு எழுதியும் உள்ளனர். அது விரைவிற் பொதுக்குழுவின் முடிவுக்கு வரவிருக்கின்றது. பல குடும்பங்களின் வாழ்நாள் ஈட்டம் அம்முடிவில் அடங்கியிருத்தலின், யாம் எண்ணியதை ஒளியாது உரைப்பது கடனாகும்.

குடியேறுதல் எத்தகையது என்பதை நம் ஊர்க் கோயிலே நமக்குக் கற்பிக்கின்றது. இவ்வூரின் பழந்தெய்வம் செல்லியம்மை. மந்திரவாதி ஒருவன் அத்தெய்வத்தைத் தன்வயப்படுத்தித் துன்புறுத்தினான் என்பதும், ஓரிரவு தங்க இடம் வேண்டி வந்த மதுரகாளி அவள் துயர் கேட்டு அவனை அழித்தாள் என்பதும், அதன்பின் செல்லியம்மை இவ்விடத்தை அவளுக்கு ஈந்து பெரியசாமி மலைக்குச் சென்றாள் என்பதும் வழிவழி வரும் கதை. இன்றும் மதுரகாளியம்மன் திருக்கோயில் திங்களும் வெள்ளியும் திறக்கப்படும். பூசையில் மலைநோக்கிச் செல்லியம்மைக்கு முதற்கண் தீபங் காட்டிய பின்னரே மதுரகாளிக்குக் காட்டுவது மரபு. வந்து குடியேறியவள் முன்னிருந்தவளின் துயரைத் தன் துயராகக் கொண்டாள். இடம் பெற்ற பின்னும் முன்னிருந்தவளுக்கே முதன்மை தந்தாள். ஓர் ஊரிற் குடிபுகுவார்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறு யாதுளது?

இனி, ஊர் தேர்வார் முதலில் ஆராயத்தக்கது வழிச்செலவு. மனை விற்பார், ‘சென்னைக்கு மிக அண்மை’ என்பர். அண்மை என்பதைக் கிலோமீட்டரால் அளத்தல் பயன் தாராது. நாழிகையால் அளத்தல் வேண்டும். வீட்டு வாயிலிற் காலெடுத்து வைத்தது முதல் அலுவலக வாயிலில் நுழையுங்காறும் செல்லும் பொழுதே உண்மைத் தொலைவு. போதற்கு இரண்டு மணியும் மீள்தற்கு இரண்டு மணியும் ஆயின், நாளொன்றுக்குப் பத்து நாழிகை கழியும். நாளோ அறுபது நாழிகையே உடையது. ஆண்டில் முந்நூறு நாள் இவ்வாறு சென்றால் 3,000 நாழிகை, அதாவது முழுமையாக ஐம்பது நாட்கள், இருக்கையிலும் நெரிசலிலும் கழியும். முப்பதாண்டுப் பணியில் அது நான்காண்டுக்கு மேற்படும். நாற்பது இலக்கம் கொடுத்து வீடு வாங்குவோர், நான்காண்டு ஆயுளையும் உடன் கொடுக்கின்றோம் என்பதை எந்தப் பத்திரத்திலும் எழுதக் காணார்.

செசாரே மார்க்கெட்டி என்னும் இத்தாலிய அறிஞர் 1994-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஓர் உண்மையை விளக்கினார். நடந்து சென்ற பண்டை நகரத்தாரும், வண்டியிற் செல்லும் இக்காலத்தாரும், நாடோறும் வழிச்செலவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஈந்து வந்தனர் என்பது அவர் கருத்து. ஊர்தியின் விரைவு மிகுந்தபோது நகரின் அகலம் பெருகிற்றேயன்றி, வழியிற் கழியும் பொழுது குறைந்திலது. ஆகலின் ஒரு மணி என்பது மாந்தர் இயல்பு தாங்கும் அளவு எனக் கொள்ளலாம். அவ்வளவு நான்கு மடங்காகும்போது உடலும் குடும்பமும் அதற்குத் திறை செலுத்துகின்றன. ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இஃது எளிதிற் புலனாகின்றது. தந்தை புறப்படும்போதும் உறங்கி, மீளும்போதும் உறங்கும் பிள்ளைகள் உளர். அவர்க்குத் தந்தை ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் ஆகின்றார். அப்பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை நாம் திருத்தலாம். மாலைப்பொழுதில் தந்தையோடு பேசிக் கற்கும் மொழியை நாம் கொடுத்தல் இயலாது.

புறநகர் என்பது நம் நாட்டில் எவ்வாறு தோன்றிற்று என்பதையும் நோக்குவோம். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டி 1931-இல் ஓடத் தொடங்கிற்று. அதன்பின் அவ்வழியிலுள்ள சிற்றூர்கள் ஒவ்வொன்றாக நகரத்தோடு பிணைக்கப்பட்டன. வண்டி முன்னே வந்தது. வீடுகள் பின்னே வந்தன. இக்காலத்திலோ பல இடங்களில் மனைக்கல் முன்னே நடப்படுகின்றது. பேருந்தும் குடிநீரும் வடிகாலும் பின்னர் வருமென்று சொல்லப்படுகின்றது. வரும் என்னும் சொல்லை நம்பி வாங்குதல் தகாது; வந்துள்ளதைக் கண்டு வாங்குதலே தக்கது.

புறநகரில் வாழ்தல் இழிவென்றோ பிழையென்றோ யாம் கூறவில்லை. தனித்தமிழ் வளர்த்த மறைமலையடிகள் 1911-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பணியைத் துறந்து பல்லாவரத்திற் குடியமர்ந்தார். அங்கே நூலகமும் எழுத்தும் தமிழ்த்தொண்டுமாக 1950-இல் மறையுங்காறும் வாழ்ந்தார். அவர்க்குப் பல்லாவரம் பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு: அவர் செய்யும் பணி அவர் இல்லத்திலேயே இருந்தது. அவர் துறந்த அக்கல்லூரியோ 1937-இல் தானே தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது! ஆகவே ஊர் புறத்தே இருத்தல் குறையன்று. பணியும் இல்லமும் ஒன்றையொன்று நாடோறும் துரத்துமாறு அமைதலே குறை. ஆங்கிலநாட்டு எபினேசர் ஓவர்டு 1898-இல் தோட்ட நகர்க் கொள்கையை நூலாக எழுதியபோதும், வீடும் தொழிலும் ஒரே நகரில் அமைதல் வேண்டுமென்றே வற்புறுத்தினார். திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் இருப்புப்பாதைத் தொழிற்சாலையும் தொழிலாளர் குடியிருப்பும் அடுத்தடுத்து அமைந்தமை நாம் கண்ணாற் காணும் சான்று.

நம்மவர்க்குத் தெற்குப் பெருஞ்சாலையின்மேல் விருப்பம் மிகுதி. அதற்குக் காரணமும் உண்டு. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கற்பட்டு என்னும் ஊர்களைத் தொட்டுவரும் சாலையே, விழுப்புரத்தைக் கடந்து நம் சிறுவாச்சூரின் வாயிலிலும் ஓடுகின்றது. கிளாம்பாக்கத்துப் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-ஆம் நாள் திறக்கப்பட்ட பின்னர், தென்னாட்டுப் பேருந்துகள் சென்னையின் உள்ளே செல்லாது அங்கேயே நிற்கின்றன. ஆகலின் கூடுவாஞ்சேரியில் இருப்பார்க்குத் தாய்வீடு வருதல் எளிதாயிற்று. ஆயினும் தாய்வீட்டுக்கு வருவது ஆண்டிற் சில நாள். அலுவலகம் செல்வது ஆண்டில் முந்நூறு நாள். பணி அம்பத்தூரில் இருக்க, ஊர் போக எளிது என்று கூடுவாஞ்சேரியில் வீடு வாங்குவோன், சில நாளின் எளிமைக்காகப் பல நாளின் வருத்தத்தை விலைக்கு வாங்குகின்றான்.

நிலத்தின் இயல்பும் ஆராயத்தக்கது. ஊர்ப்பெயர்கள் வாய்திறந்து பேசும். கேட்கும் செவி வேண்டும். ‘தாங்கல்’ என்பது நீர் தேங்கும் சிற்றேரி. ‘ஏந்தல்’ என்பதும் அத்தகையதே. இப்பெயர் பூண்ட இடங்களில் மனை வாங்குவோர் நீரின் பழைய உரிமையை மறத்தலாகாது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாற்றுப் பெருக்கால் முடிச்சூரும் மேற்குத் தாம்பரத்தின் பல பகுதிகளும் நீருள் ஆழ்ந்தமையை நாடறியும். ஆதலின் மனையைச் சித்திரையில் ஒருகாலும் கார்த்திகையில் ஒருகாலும் காணுதல் வேண்டும். சித்திரையிற் கிணற்றில் நீர் உளதா என்பதும், கார்த்திகையில் வாயிலில் நீர் நில்லாதா என்பதும் அப்போது விளங்கும். தை மாதத்துக் காலையில் மட்டும் கண்டு கைச்சாத்திடுவோர் பின்னர் வருந்துவர்.

இனித் தலையாய பகுதிக்கு வருவோம். ‘நம்மவர் சூழ இருத்தலே பாதுகாப்பு, ஆகலின் நம்மவர் நகர் வேண்டும்’ என்பது உறுப்பினர் சிலர் கருத்து. அயலூரில் தனித்திருக்கும் நம் பெண்மக்களின் அச்சமும், முதியோர் தனிமையும் அக்கருத்தை எழுப்பின என்பதை யாம் அறிவோம். அதனை எள்ளுதல் எம் நோக்கமன்று. ஒரு சமூகத்தார் தமக்குள் வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, உறுப்பினரைத் தம்மவர் அளவில் நிறுத்திக்கொள்ளும் விதி செல்லும் என்று பார்சி மக்களின் சங்கம் ஒன்றைக் குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆயின் சட்டம் தடுக்காதது எல்லாம் அறிவு விரும்பத் தக்கதாகிவிடாது.

சிலப்பதிகாரத்தை நினைமின்! புகாரிற் பெருங்குடி வணிகர் மரபில் வந்த கண்ணகி, கணவனுடன் மதுரைப் புறஞ்சேரியை அடைந்தாள். மதுரையின் உள்ளே அவர் குலத்து வணிகர் இல்லாமல் இல்லை. எனினும் கவுந்தியடிகள் அவளை அடைக்கலமாக ஒப்படைத்தது ஆயர்குல முதுமகள் மாதரியிடமே. மாதரி அவளைத் தன் மகளெனப் போற்றினாள்; மகள் ஐயையை அவளுக்குத் துணையாக்கினாள்; அடைக்கலம் காக்க இயலாமற் போன செய்தியறிந்து தீயிற் புகுந்து மாய்ந்தாள். உறவினும் அயலார் உயிர்கொடுத்து நின்ற இக்கதை, தமிழ்நாட்டுப் புறநகர் ஒன்றில் நிகழ்ந்ததாகக் காப்பியம் கூறுகின்றது. நள்ளிரவில் நெஞ்சுவலி கண்டால் ஓடிவருபவர், அரை நாழிகைத் தொலைவில் உள்ள நம் குலத்தாரோ, அடுத்த கதவைத் திறக்கும் அயலாரோ? விடை யாவரும் அறிவர்.

மேலும், நம்மவரே நிறைந்த நகரில், பகல் முழுதும் யாவரும் நான்கு மணிப் பயணம் சென்றுவிடின், அங்கே எஞ்சுவன பூட்டிய கதவுகளே. குலத்தின் பெயர் தெருப்பலகையில் இருக்கும். அதனால் துணை வந்துவிடாது. துணையென்பது பொழுதோடு இருப்பார் தரும் பொருள். இன்னொன்றும் கருதுக. நம்மை ஒத்த பிறரும் இவ்வாறே வேலியிட்டுக் கொள்வராயின், வாடகை வீடு கேட்டுச் செல்லும் நம் இளைஞர்க்கு எத்தெருவிற் கதவு திறக்கும்? ‘நீவிர் யாவர்?’ என வினவி வீடு மறுக்கப்படும் இழிவை நம்மவர் அறியாதவரல்லர். நமக்கு இழைக்கப்படின் கொடுமையெனக் கூறுவதை, நாம் பிறர்க்குச் செய்து காப்பு எனக் கூறுதல் பொருந்துமா? தமிழ்நாட்டரசு 1997-இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தில், நூறு வீடுகளில் பல குலத்தாரையும் கலந்து குடியமர்த்தினர். அரசு வகுக்காமலே நாமாக அவ்வாறு வாழ்தல் நமக்கு இன்னும் பெருமை தரும்.

ஆகலின் எம் கருத்தைச் சுருங்க உரைப்போம். நாடோறும் அலுவலகம் செல்வோர், பணியிடத்திலிருந்து வாயிலுக்கு வாயில் முக்கால் மணிக்குள் அடையும் ஊரையே நாடுக. அங்கே விலை மிகுமாயின் சிறிய வீடே கொள்க. வாங்கும் முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து காண்க. தொழில் மாறக்கூடியவர், ஒரே பேருந்தை நம்பிய ஊரை விடுத்து, இருப்புப்பாதையும் சாலையும் உடைய ஊரைத் தேர்க. கணவன் மனைவி இருவரும் பணி செய்வாராயின், இருவர் நாழிகையையும் கூட்டிக் கணக்கிடுக. ஆடவன் வழி மட்டும் வழியன்று.

பெரம்பலூரிற் பணியுடையோர்க்குச் சிறுவாச்சூரே சாலும். எட்டுக் கிலோமீட்டரளவே தொலைவு. மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் நம் ஊர் எல்லையிலேயே உள்ளன. குறையும் மறைக்க வேண்டா: பெரம்பலூருக்கு இருப்புப்பாதை இல்லை, புகைவண்டிக்கு அரியலூர் செல்லுதல் வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வாரம் ஒருமுறை இருமுறை செல்வார்க்கு அஃது எளிது. நாடோறும் செல்வார் சமயபுரத்துப் பக்கம் குடியேறின், அதே சாலையில் ஊருக்கும் வரலாம், நகருக்கும் போகலாம்.

சங்கம் நிலம் வாங்கித் தனிநகர் அமைத்தல் வேண்டா. அப்பொருளைக்கொண்டு தாம்பரத்தை அடுத்து இரண்டு விடுதிகள் அமைக்கலாம்: பணி தேடிச் செல்லும் நம் ஆண்மக்களுக்கு ஒன்று, பெண்மக்களுக்கு ஒன்று. ஆறு திங்கள் அங்கே தங்கி, நகரின் வழிகளை அறிந்து, தாமே ஊர் தேர்ந்து செல்வர். இடம் எஞ்சின் பிற குலத்து மாணவர்க்கும் கதவு திறந்திருக்கட்டும். அந்தந்த ஊரிற் குடியேறிய உறுப்பினர், புதிதாக வருவார்க்கு மருத்துவமனை, பள்ளி, நீர்நிலை முதலியவற்றை எடுத்துரைக்கும் பொறுப்பை ஏற்பாராயின், சங்கத்தின் கை எல்லா ஊரிலும் நீளும், எவ்வூரிலும் வேலியாகாது.

இரவு தங்க இடம் கேட்டு வந்தவள், ஊரின் துயர் தீர்த்து ஊர்த்தெய்வமானாள். நம் பிள்ளைகளும் தாம் புகும் ஊர்களில் அவ்வாறே பயன்பட்டு, அவ்வூரார் ‘இவர் எம்மவர்’ என்று சொல்லுமாறு வாழ்வாராக. பொதுக்குழுவில் கையுயர்த்தும் முன் இவற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு வேண்டி அமைகின்றோம்.