பிறப்புப் பத்திரம்: தாமதம் தண்டனையாகக் கூடாது
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கல்வி பற்றியும் வணிகம் பற்றியும் இம்மேடையில் பலர் பேசிவிட்டார்கள். நாங்கள் பேச வந்தது ஒரே ஒரு தாளைப் பற்றி. அது பிள்ளையின் பிறப்புப் பத்திரம்.

கிள்ளானில் ஒரு குடும்பம். மகள் வீட்டிலேயே பிறந்தாள். தந்தைக்கு உணவகத்தில் இரவு வேலை. இன்று, நாளை என்று பதிவு தள்ளிப்போனது. பள்ளியில் சேர்க்கும்போது விழித்துக்கொண்டார்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அந்த அம்மா மவுத்தாகிப் பல வருடம். 12 வயதில் தோழிகள் மைகார்டு எடுக்கப் போனபோது, இந்தப் பிள்ளை வீட்டில் இருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு குடும்பம். கணவர் இந்நாட்டுக் குடிமகன். மனைவி ஊர்ப் பெண். ஊரில் ஜமாஅத் ஏட்டில் நிக்காஹ் பதிவானது, இங்கே பதியவில்லை. வெளிநாட்டில் நடந்த திருமணத்தை, திருமண நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. திருமணத்தைக் காட்ட முடியாவிட்டால், குடியுரிமையில் பிள்ளை தாயின் நிலையையே பெறும். தந்தை மலேசியர், பிள்ளை அந்நியர்!

தீபகற்ப மலேசியாவில் 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால் 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. தகவல் உண்மை என்று பதிவதிகாரி திருப்தியடைய வேண்டும். போலிப் பத்திரங்களைத் தடுக்கக் கண்டிப்பு தேவைதான். ஆனால், எந்தச் சான்றை ஏற்பது என்பதில் தளர்வு காட்ட, சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. நிர்வாக உத்தரவே போதும் என்பது எங்கள் கருத்து.

2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கத்தின்போது, பத்திரமில்லாத இந்தியர்களைத் தேடி அரசாங்கமே வந்தது. இந்தியாவிலும் ஓராண்டு கடந்த பிறப்புக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை என்றிருந்ததை, 2023இல் திருத்தி, மாவட்ட நிர்வாக அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். மனமிருந்தால் வழி பிறக்கும்.

ஆகவே, தேசியப் பதிவிலாகாவிடம் நாம் பணிவுடன் கேட்பவை:

1. மருத்துவச்சி இல்லாதபோது, இரண்டு பெரியவர்களின் சத்தியப் பிரமாணத்தையும், கிளினிக் தடுப்பூசி அட்டையையும், பள்ளிப் பதிவையும் சேர்த்து ஏற்க வேண்டும்.

2. முகமது, முஹம்மத், மொகமட் என்ற எழுத்து வேறுபாட்டுக்கு ஒரே பிரமாணம் போதும் என்றாக்க வேண்டும்.

3. தேவையான எல்லா ஆவணங்களையும் முதல் நாளிலேயே ஒரே பட்டியலாகத் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் கேட்டால், கூலிக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகிறது.

நமக்கும் கடமை உண்டு. ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆட்டைத் தேடும்போதே பதிவையும் முடித்துவிடுவோம். ஊரில் நிக்காஹ் முடித்து வந்த தம்பிமார்களிடம், “இங்கே பதிந்தாச்சா?” என்று கேட்போம். பத்திரமில்லாத பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் சங்கத்திற்குச் சொல்லுங்கள். மனு எழுதவும், உடன் வரவும் ஆளிருக்கிறார்கள்.

ஐம்பது ஆண்டுகளில் நாம் மண்டபம் கட்டினோம், உபகாரச் சம்பளம் கொடுத்தோம். அந்த உபகாரச் சம்பளத்திற்கு மனுப்போடக்கூடப் பத்திரம் வேண்டும். நம் பிள்ளைகளில் ஒருவரும் பெயர் பதியாமல் நிற்காதிருக்க வல்ல அல்லாஹ் துணை புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.