குழந்தையின் கையில் வெண்காரம்

(பள்ளி விடுமுறையின்போது ஆலய மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருந்தக உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளின் உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். டிங்கிக் காய்ச்சலைப் பற்றிப் பேசலாம் என்றுதான் நினைத்து வந்தேன். மண்டபத்திற்குள் நுழையும்போது, வாசற்படியில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து ஊதா நிறத்தில் எதையோ இழுத்து இழுத்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். அதைத்தான் ஸ்லைம் என்கிறார்கள். அதைப் பார்த்ததும் டிங்கியை விட்டுவிட்டு, என் வீட்டில் நடந்ததையே உங்களிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் 31 ஆண்டுகள் மருந்தகத்தில் வேலை செய்தவன். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்லி மருந்து கொடுத்தவன். அப்படிப்பட்டவன் வீட்டில்தான் இது நடந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இதே போன்ற ஒரு விடுமுறை. என் பேத்திக்கு அப்போது எட்டு வயது, பேரனுக்கு இரண்டு வயது. பேத்தி கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். "பாட்டி, போராக்ஸ் இருக்கா?" என்று கேட்டாள். "அதெல்லாம் நம்ம வீட்ல இல்லைம்மா" என்றாள் என் துணைவியார். பிள்ளை கெட்டிக்காரி. அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனாள். "பாட்டி, வெண்காரம் இருக்கா?" "ஓ, வெண்காரமா? இருக்கே!" என்று நாட்டு மருந்து டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் கூடத்தில் நாளிதழ் வாசித்துக் கொண்டிருந்தேன். இரண்டு கேள்விகளும் என் காதில் விழுந்தன. நான் தலையைத் தூக்கவில்லை.

பசையில் அந்தக் கரைசலை ஊற்றி, வெறுங்கையால் பிசைந்து, மூன்று நாட்கள் விளையாடினாள். மூன்றாம் நாள் விரல் இடுக்குகள் சிவந்து தோல் உரிந்தது. அன்று மாலையே அவள் தம்பி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். சிறிது நேரத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை அழைத்தேன். வயது, எடை, என்ன விழுங்கினான், எப்போது என்று கேட்டுவிட்டு, மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். இறைவன் அருளால் பேரன் நலமாக இருக்கிறான். "மருந்தைப் பத்தி ஊருக்கெல்லாம் சொன்னீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று என் துணைவியார் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஸ்லைம் என்பது என்ன? வெள்ளைப் பசைக்குள் நீண்ட நீண்ட நார்கள் போன்ற மூலக்கூறுகள் இருக்கின்றன. வெண்காரக் கரைசலை ஊற்றினால், அதிலுள்ள போரேட் அந்த நார்களுக்கு இடையே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்ததும் பசை ஒட்டாமல், இழுத்தால் நீளும் பொருளாகிவிடுகிறது. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் இதை முதன்முதலில் விளையாட்டுப் பொருளாக விற்றது. அதில் பசைக்குப் பதிலாக நம் கொத்தவரங்காய் விதையிலிருந்து எடுக்கும் கோந்து இருந்தது. அதற்கும் முடிச்சுப் போட்டது வெண்காரம்தான்.

வெண்காரம் நமக்குப் புதியது அல்ல. சித்த மருத்துவத்தில் இருக்கிறது. பாட்டிமார்கள் பொரித்துத் தேனில் குழைத்துக் குழந்தைகளின் வாய்ப்புண்ணில் தடவினார்கள். நமக்குத் தெரிந்த பெயர் என்பதால் பயமில்லாமல் போய்விட்டது. ஆனால் 1983-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில், வெண்காரமும் தேனும் சூப்பானில் தடவிக் கொடுக்கப்பட்ட ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததையும், அதை நிறுத்தியபின் வலிப்பு நின்றதையும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கிருக்கும் இளம் தாய்மார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

வெண்காரம் தோலையும் கண்ணையும் உறுத்தும். விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அளவு மிகுந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நல்ல தோல் வழியாக அது அதிகம் உள்ளே போகாது. வெடித்த தோல், புண்பட்ட தோல் என்றால் கூடுதலாகப் போகும். கடையில் வாங்கினால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனின் 'விச்' என்ற பயனீட்டாளர் அமைப்பு 2018 ஜூலையில் 11 ஸ்லைம்களைச் சோதித்தபோது, 8-இல் போரான் வெளிப்படும் அளவு ஐரோப்பிய வரம்பான கிலோவுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது.

அப்படியானால் பிள்ளைகளை விளையாட வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. தடுத்தால் நமக்குத் தெரியாமல் அறைக்குள் போய்ச் செய்வார்கள். நான் கேட்டுக்கொள்வது ஐந்து காரியங்கள்.

முதலாவது, பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். போராக்ஸ், போரிக் அமிலம், சோடியம் போரேட், வெண்காரம் எல்லாம் ஒரே குடும்பம். 'போராக்ஸ் இல்லாத ஸ்லைம்' என்று சொல்லிக் கண் லென்சு கழுவும் திரவத்தை ஊற்றச் சொல்வார்கள். அந்தத் திரவங்கள் பலவற்றில் போரிக் அமிலம் இருக்கிறது. அது இருப்பதால்தான் பசை இறுகுகிறது.

இரண்டாவது, வெண்காரத் தூளையோ சலவைத் திரவத்தையோ பிள்ளைகள் கையால் கலக்க விடாதீர்கள். கையில் வெடிப்பும் கரப்பானும் உள்ள பிள்ளைக்கு ஸ்லைம் வேண்டாம். பசையிலும் சலவைத் திரவத்திலும் சேர்க்கும் பதப்படுத்திகள் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும்.

மூன்றாவது, கைக்குழந்தையும் தவழும் பிள்ளையும் உள்ள வீட்டில், விளையாடி முடிந்ததும் மூடிபோட்டு உயரத்தில் வையுங்கள். அலங்காரத்திற்குச் சேர்க்கும் சிறு மணிகள் தொண்டையில் அடைக்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் மணிகளை விழுங்கினால் அவை குடலை அடைத்துவிடும். அவற்றை வாங்கவே வேண்டாம்.

நான்காவது, சாப்பாட்டு மேசையில் வேண்டாம். விளையாடியபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஐந்தாவது, விழுங்கிவிட்டால் வாயைத் துடைத்துக் கொப்பளிக்கச் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நச்சு மையத்தையோ மருத்துவரையோ அழையுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ வந்தால் தாமதிக்காமல் 999.

எங்கள் வீட்டில் இப்போது வேறு விளையாட்டு. இரண்டு குவளைச் சோளமாவு, ஒரு குவளைத் தண்ணீர். அழுத்திப் பிடித்தால் கல் போல் இறுகும். விட்டால் விரலிடுக்கில் வழிந்தோடும். மறுநாள் வைத்திருந்தால் கெட்டுப்போகும். அன்றே குப்பையில் போட வேண்டும். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதையும் அனுபவித்துத் தெரிந்துகொண்டோம்.

சென்ற மாதம் பேத்தியோடு பசார் மாலாம் போயிருந்தேன். ஒரு கடையில் இரண்டு வெள்ளிக்கு ஸ்லைம் விற்றார்கள். கையில் எடுத்தவள், டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தாத்தா, இதுல என்ன போட்டிருக்காங்கன்னே எழுதலை" என்று சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அவள் விரல் உரிந்தபோது நான் பட்ட வேதனை அப்போதுதான் கொஞ்சம் ஆறியது.

பெரியோர்களே, அன்று என் பேத்தி ஒளித்து மறைத்து எதையும் எடுக்கவில்லை. பெரியவர்களிடம் இரண்டு முறை கேட்டுத்தான் எடுத்தாள். எதற்கம்மா என்று நான் ஒரு முறை கேட்டிருந்தால் போதும். பிள்ளைகள் கேட்கும்போது தலையைத் தூக்குவோம். இந்த விடுமுறையில் நான் உங்களிடம் வேண்டுவது அவ்வளவுதான்.