கொழுந்தின் சூடு

கிள்ளிய கொழுந்து உடனே இறந்துவிடுவதில்லை. கூடையிலும் அது சுவாசித்துக்கொண்டேயிருக்கிறது. சுவாசிக்கும் பொருள் வெப்பத்தை வெளியிடும். இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளின் புழுக்கத்தில் கொழுந்தைச் சாக்கில் திணித்து லொறியில் அடுக்கினால், நடுச்சாக்கில் கைவைப்போர் அச்சூட்டை நன்கு உணர்வர். அங்ஙனம் வெந்த கொழுந்து ஆலையை அடையுமுன்னரே சிவந்துவிடும். பின்னர் எந்த இயந்திரத்தாலும் அதனை நல்ல தேயிலையாக்க இயலாது. விடியற்பனியில் நனைந்து கிள்ளியவளின் உழைப்பும் அதனோடு வீணாகிறது.

மீனுக்கும் பாலுக்கும் குளிரூட்டிய வண்டிகள் உண்டு. கொழுந்துக்கு அத்துணை வேண்டுவதில்லை. காற்றும் நிழலும் விரைவும் போதும். ஆயினும் கால் ஏக்கர் வைத்திருப்பவர் தனியே லொறி அமர்த்துவது எங்ஙனம்?

பெருந்தோட்டத்தார் இதனை முன்பே அறிந்திருந்தனர். 1854இல் கண்டியில் அமைந்த தோட்டத்துரைமார் சங்கம் இருப்புப்பாதை வேண்டுமென்று வற்புறுத்தியது. 1867இல் ரயில் கண்டியை எட்டிற்று. கோப்பிக்காகக் கேட்ட பாதை அது. பயன் துய்த்ததோ தேயிலை!

சிறு உடைமையாளருக்கு அத்தகைய செல்வாக்கு இருந்ததில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தது. அதன் துணையோடு உடைமையாளர் சங்கங்களும் எழுந்தன. சங்கமுள்ள ஊரில் கூரையின்கீழ்க் கொழுந்தை நிறுக்கலாம்; ஆலையாரிடம் ஒரே குரலிற் பேசலாம்.

சாக்கைவிடக் காற்றோட்டமுள்ள கூடையே கொழுந்துக்கு நன்று. ஆனால், கூடை லொறியில் மிகுந்த இடத்தை அடைக்கும். ஒரு நடைக்கு ஏற்றும் நிறை குறையும். அச்செலவை உடைமையாளர் ஏற்பதா, ஆலையார் ஏற்பதா என்பதைப் பேசித் தீர்க்கவேண்டியது சங்கமே.