கை படாமலே ஓடும் மோட்டார்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மோட்டார் பேனல் செய்கிறவனுக்குப் புற்றுநோயைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். காரணம் எங்க அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பகத்தில் கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஹெர்-2: 3 பிளஸ்’ என்று போட்டிருந்தது. “இது நல்லதாடா, கெட்டதா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரியே படிக்க உட்கார்ந்தேன்.

செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் பதிந்து நிற்கும் சில புரதங்களுக்கு ரிசெப்டர், அதாவது ஏற்பி என்று பெயர். வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். உள்பக்கத்து வாலில் பாஸ்பேட் ஏறும். அந்தச் செய்தி ராஸ் போன்ற புரதங்கள் வழியாக உட்கருவுக்குப் போய், செல் இரண்டாகப் பிரியும். வேலை முடிந்ததும் சிக்னல் அணைந்துவிடும். நம்ம லேபில் பார்த்த ஸ்டார்ட் பட்டன், ரிலே, மோட்டார் கதைதான்!

ஹெர்-2 அந்தக் குடும்பத்தில் ஒரு தனிப் பிறவி. தனக்கென்று வளர்ச்சிக் காரணி இல்லாமலே, எப்போதும் ஜோடி சேரத் தயாராக நிற்கும். சாதாரண செல்லில் அது சில பத்தாயிரம் இருக்கும். அதன் மரபணு பல நகல்களாகப் பெருகிவிட்ட புற்றுசெல்லிலோ 20 லட்சம் வரை போகும். அந்த நெரிசலில் ஒன்றோடொன்று சேர்ந்து தானாகவே ‘ஆன்’ ஆகிவிடும். பட்டனில் யாரும் கை வைக்கவில்லை, மோட்டார் ஓடுகிறது.

இந்த வகைப் புற்று சீக்கிரம் திரும்பி வருகிறது என்று 1987-ல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினார்கள். ஆனால் அந்தப் புரதத்தின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே! அதில் போய் ஒட்டிச் சிக்னலைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2014 முதல் அதற்கு இணையான மருந்து இந்தியாவிலேயே தயாராகி விற்பனைக்கு வந்தது. இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ எடுப்பார்கள்.

ஆகவே அக்காவுக்குச் சொன்னேன்: “கெட்டதுதான்க்கா. ஆனா ஃபால்ட் எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மருந்தும் இருக்கு.” மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு வருஷம் ஊசி. இன்றைக்கு நன்றாக இருக்கிறாள்.

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. பையனோட பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று நாலு மாசம் கட்டியை மறைத்து வைத்திருந்தாள். அதற்குள் அக்குள் வரை பரவிவிட்டது. எந்த மருந்தும் அந்த நாலு மாசத்தைத் திருப்பித் தராது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், அக்காவிடம், மனைவியிடம் இதைப் பேசுங்கள். கூச்சப்படாதீர்கள். ரிப்போர்ட் கைக்கு வந்தால் “ஹெர்-2 என்ன?” என்று டாக்டரிடம் கேளுங்கள். 2 பிளஸ் என்றிருந்தால் ‘ஃபிஷ்’ பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.