எழுவாய் எங்கே?
(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இயற்கையைக் காப்பது பற்றிப் பேச அறிவியல் ஆசிரியரை அல்லவா அழைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். இலக்கண வகுப்புக்கும் அதில் வேலை உண்டு.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளக்காடானது. பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில், "ஏரி ஊருக்குள் புகுந்தது" என்று கரும்பலகையில் எழுதினேன். எழுவாய் எது? ஏரி என்றார்கள். அப்படியானால் குற்றவாளியும் ஏரிதானே! கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் தெருவே ஏரிக்குள்தானே இருக்கிறது?" என்றாள். பலகைக்கு வந்து திருத்தி எழுதினாள்: "ஊர் ஏரிக்குள் புகுந்தது."

அன்றுமுதல் செய்தித்தாளே எங்கள் பாடநூலாயிற்று. "மரங்கள் வெட்டப்பட்டன", "கால்வாய் தூர்க்கப்பட்டது" என்றெல்லாம் வரும். செயப்பாட்டு வினையில் 'ஆல்' உருபேற்று வரவேண்டியவர் ஓசையின்றி நழுவிவிடுகிறார். அவரைத் தேடிப்பிடிப்பதே வீட்டுப்பாடம்.

புறம்போக்கு என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டோம். வரிவிதிப்புக்குப் புறம்பாக, நீர்நிலைக்கும் மேய்ச்சலுக்கும் சுடுகாட்டுக்கும் என்று பொதுவில் விடப்பட்ட நிலம் அது. இன்றோ அது வசவு! பொது நிலத்தின் பெயர் வசவாகிவிட்ட ஊரில் அந்த நிலத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? மழைநீரை வாங்கி வைத்து மெல்லக் கடலுக்கு விடும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பயனற்றது என்றோம்; நகரத்தின் குப்பை அங்கே மலையாய்க் குவிந்தது. அதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடு ஆயிற்று. 2022இல் அச்சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

நீர், எண்ணெய் போன்றவற்றை ஆங்கில இலக்கணம் வற்றாத பொருள்கள்போல் நடத்துகிறது என்று மொழியியல் அறிஞர் மைக்கேல் ஹாலிடே 1990இல் சுட்டிக்காட்டினார். நாம் மட்டும் என்ன? 2019இல் குடிநீர் ஏரிகள் வறண்டு குடத்தோடு வரிசையில் நின்றபோதும், பணத்தைத் 'தண்ணீராய்' இறைத்தான் என்றுதானே பேசினோம்!

ஒருநாள் ஒரு மாணவன், "ஐயா, உங்கள் வீடு இருக்கும் இடத்துக்கு முன்பு என்ன பெயர்?" என்று கேட்டான். என் மனைப் பத்திரத்தில் 'நகர்' என்றிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தின் பெயர் இன்றும் தாங்கல் என்றே முடிகிறது. தாங்கல் என்றால் ஏரி. அவனுக்கு விடை சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பிறகு பலகையில் எழுதினேன்: "நான் தாங்கலுக்குள் புகுந்தேன்."

எழுவாய் எது என்று அன்று யாரும் கேட்கவில்லை.