அச்சமும் அன்றாடமும்

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நாம் அச்சத்தை இரு விதமாகவே கையாண்டு வருகிறோம். சோறுண்ண மறுக்கும் பிள்ளையைப் பூச்சாண்டியின் பெயரைச் சொல்லி அடக்குவது ஒன்று. பயப்படத்தக்கது உலகில் எதுவுமே இல்லையென்று மங்களம் பாடி முடிப்பது மற்றொன்று. இராமேசுவரக் கரையில் வளரும் குழந்தைக்கு இவ்விரண்டும் உதவமாட்டா என்பது என் திடமான அபிப்பிராயம்.

வடக்கே அலையடங்கிய பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே குமுறும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் வழங்கும் ஊர்களில், கடலே பிள்ளைகளின் விளையாட்டு முற்றம். கடலே தகப்பனாரின் தொழில். சில இரவுகளில் அதுவே உள்ளத்தை நடுக்கும் மகாசக்தி. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்ததையும், பாம்பனிலிருந்து சென்ற ரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியதையும் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளரும் சிறுவனிடம், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளில், "பயப்படாதே" என்று மட்டும் சொல்வதில் என்ன பிரயோஜனம்?

1931-இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், தமது பால்யத்தைச் சுயசரிதையில் விவரிக்கும்போது, யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதற்காகத் தந்தையார் கடற்கரையில் மரப்படகு கட்டியதையும், விறகுத் தீயின் சூட்டில் அதன் மரம் பதப்பட்டதையும், பின்னொரு நாள் புயல் அப்படகைக் கொண்டுபோனதையும் அடுத்தடுத்துச் சொல்லுகிறார். கடலின் அழகை மட்டுமே கண்டிருந்த அச்சிறுவருக்கு அதன் உக்கிரம் அன்றுதான் விளங்கிற்று. ஆயினும், இரண்டாம் உலக யுத்த காலத்தில் இராமேசுவரத்தில் நிற்காமல் ஓடிய ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைச் சேகரிக்க உறவினருக்குத் துணைநின்று, முதல் ஊதியத்தையும் ஈட்டியவர் அவரே. படகு கட்டும் கையும், அதை இழந்த துயரமும், மறுபடி தொடரும் வேலையும் ஒரே வாழ்க்கையின் அம்சங்களாக அங்கே நிற்கின்றன.

சிறுவர் கதைகளுக்கு நான் வேண்டுவதும் இதுவே. காற்று திரும்பிய மாலையில் வள்ளத்தைக் கரையேற்ற எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள், வலையை எங்கே பத்திரப்படுத்தினார்கள், கூண்டின் எண்ணுக்குத் தாத்தா என்ன பொருள் சொன்னார், தகப்பனார் வரத் தாமதித்தபோது தாய் எந்த வேலையில் மனத்தைச் செலுத்தினாள் என்பவையெல்லாம் கதையில் இடம்பெற வேண்டும். பயந்த குழந்தையைப் பரிகசிக்காமல், பயத்தோடேயே செய்யக்கூடிய ஒரு காரியத்தை அதன் கையில் கொடுக்கிற கதைதான் நல்ல கதை. தைரியம் என்ற குணம் அந்தக் காரியத்திலிருந்தே பிறக்கிறது. ஆகையால், பெற்றோர்களே, ஆசிரியர்களே, பூச்சாண்டிக்கு விடை கொடுத்துவிட்டு, உங்கள் ஊர் கண்ட புயலையும் அதற்கு மறுநாள் நடந்த வேலையையும் குழந்தைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.